தொடாமல் வாசிக்கும் கருவி

இசைக்கருவி என்றால் ஊத வேண்டும், மீட்ட வேண்டும், இல்லையேல் தட்ட வேண்டும். தெரமினை வாசிப்பவரோ அதைத் தொடுவதே இல்லை. ஒரு மரப்பெட்டி, அதன் வலப்பக்கம் நிமிர்ந்து நிற்கும் உலோகக் கம்பி, இடப்பக்கம் வளையமாக இன்னொரு கம்பி. இவற்றின் அருகே வெறும் காற்றில் கைகளை அசைத்தால் பாட்டு வருகிறது. காணொளியில் முதன்முதலாகப் பார்த்தபோது இது ஏதோ கண்கட்டு வித்தை என்றே நினைத்தேன்.

இதை உருவாக்கியவர் லெவ் தெர்மென் என்னும் ரஷ்ய இயற்பியலாளர். 1920-ஆம் ஆண்டு பெட்ரோகிராட் நகர ஆய்வுக்கூடம் ஒன்றில், வாயுக்களின் மின்பண்பை அளக்கும் கருவியைச் செய்துகொண்டிருந்தார். அவர் கை அருகில் போகும்போதெல்லாம் கருவியிலிருந்து கேட்ட ஒலியின் சுருதி மாறியது. வேறொருவர் அதைத் தொல்லை என்று ஒதுக்கியிருப்பார். தெர்மென் செல்லோ வாசிக்கத் தெரிந்தவர். அந்த ஒலியிலேயே பாட்டு வாசித்துப் பார்த்தார். 1922-இல் லெனின் முன்னிலையிலும் வாசித்துக் காட்டினார்.

தம்புராவின் இரு தந்திகள் இம்மியளவு சுருதி பிசகி நின்றால் ஒலி அலை அலையாக ஏறி இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள். ஒன்று வினாடிக்கு 200 முறையும் மற்றது 203 முறையும் அதிர்ந்தால், வினாடிக்கு மூன்று ஏற்ற இறக்கங்கள். தெரமினிலும் கணக்கு இதுதான். காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும் இரண்டு மின்னலைகள் அதனுள்ளே உண்டு. ஒன்று 170,000-இல் அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றது 169,560-க்கு இறங்கினால் வேறுபாடு 440. அந்த வேறுபாட்டை மட்டும் பிரித்தெடுத்து ஒலிபெருக்கிக்கு அனுப்பினால், அதுவே சுரம்.

அதை இறக்குவது எது? நம் கைதான். இடைநிலைப்பள்ளியில் 'கப்பாசிட்டோர்' என்று படித்தோமே, அந்த மின்தேக்கிக்கு இரண்டு தகடுகள் தேவை. இங்கே கம்பி ஒரு தகடு, கை மறு தகடு. கை நெருங்க நெருங்க அலைவெண் குறைகிறது, வேறுபாடு கூடுகிறது, சுருதி ஏறுகிறது. இடக்கை ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கிறது.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. தெர்மென் 1927-இல் அமெரிக்கா சென்றார், 1929-இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் ஏறத்தாழ 500 தெரமின்களைச் செய்து விற்பனைக்கு விட்டது. முணுமுணுக்கத் தெரிந்த யாரும் இதை வாசிக்கலாம் என்பது விளம்பரம். சுத்தப் புளுகு! வீணையில் மெட்டு இருக்கிறது. மெட்டில்லாத வயலினிலும் விரலுக்குத் தந்தி தட்டுப்படுகிறது. தெரமினில் கைக்கு எந்தப் பிடிப்பும் இல்லை. காது ஒன்றே துணை. உடல் சற்றுச் சாய்ந்தாலும் சுருதி கெடும். நாம் கமகத்துக்குப் பாடுபடுகிறோம்; இதிலோ வழுக்கலை நிறுத்துவதுதான் பெரும்பாடு. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் கணத்தில் இடக்கை ஒலியை அடக்காவிட்டால், பாட்டு ஊளையாகிவிடும். பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, விற்பனை படுத்தது.

இதை வசப்படுத்தியவர் கிளாரா ராக்மோர். கை நோவால் வயலினைக் கைவிட்டவர். காற்றிலேயே விரல்களை மடக்கி நீட்டிச் சுரங்களைப் பிடிக்கும் முறையை வகுத்தார். அவர் வாசிப்பைக் கேட்ட பிறகுதான் இது விளையாட்டுப் பொருளன்று என்று எனக்குப் பட்டது.

தெர்மென் 1938-இல் சோவியத் நாடு திரும்பினார், கைதானார். சிறைக்கைதியாகவே இரகசிய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். 1945-இல் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதருக்கு அன்பளித்த மரச் சின்னத்துள் அவருடைய ஒட்டுக்கேட்கும் கருவி ஒளிந்திருந்தது. அதற்கு மின்கலம் இல்லை. பேச்சொலியில் மெல்லிய தகடு அதிர, மின்தேக்குத்திறன் மாறும். வெளியிலிருந்து பாய்ச்சிய வானொலி அலை அந்த மாற்றத்தைச் சுமந்து திரும்பும். தெரமினில் கை செய்த வேலையை இங்கே குரல் செய்தது. 1952 வரை அது சிக்கவில்லை.

அமெரிக்காவில் ராபர்ட் மோக் என்பவர் பதின்ம வயதிலேயே தெரமின்களைச் செய்து பழகினார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்தான் 1964-இல் மோக் சிந்தசைசரை உருவாக்கினார். அதை இசைக்கப் பியானோவில் உள்ளதுபோன்ற விசைப்பலகையை வைத்தார்.