வாய் நோகாக் கடிவாளம்

நுழையும்முன்

விலங்கைப் பழக்குதல் என்றதும் சாட்டையும் தளையுமே நம் நினைவிற்கு வருகின்றன. வலிமையால் அடக்குவதே பழக்குதல் என்னும் எண்ணம் உலகெங்கும் வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணத்திற்கு மாறாக, ஒரு குதிரையின் வாயைக் காப்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மக்கள் கலிபோர்னியாவில் வாழ்ந்தனர். அவர்களது பயிற்சிமுறையை இக்கட்டுரை விளக்குகிறது.

வக்கேரோக்கள்

ஸ்பானிய மொழியில் 'வாக்கா' என்றால் பசு. 'வக்கேரோ' என்றால் மாடு மேய்ப்பவர். 1769ஆம் ஆண்டு சான் டியாகோவில் ஸ்பானியர் தம் முதல் சமயநிலையத்தை நிறுவினர். 1823ஆம் ஆண்டிற்குள் கலிபோர்னியக் கடற்கரையை ஒட்டி இத்தகைய 21 நிலையங்கள் எழுந்தன. அவற்றின் மாட்டு மந்தைகள் பெருகியபோது மேய்க்கப் போதிய ஆள்கள் இல்லை. எனவே, அம்மண்ணின் பழங்குடியினருக்குக் குதிரையேற்றம் கற்பிக்கப்பட்டது. தம் நிலத்தையும் உரிமையையும் இழந்த அம்மக்களின் உழைப்பே இக்கலையின் அடித்தளம் என்பதை நாம் மறத்தலாகாது.

1821இல் மெக்சிகோ விடுதலை பெற்றபின், மாட்டுத்தோலும் கொழுப்பும் கப்பல்களில் ஏற்றுமதியாயின. பரந்த பண்ணைகளில் வேலிகள் இல்லை. மந்தையைத் திரட்டவும் கன்றைப் பிரிக்கவும் நல்ல குதிரையே கருவியாயிற்று.

ஒரு கையின் தேவை

வக்கேரோவின் வலக்கையில் பச்சைத்தோல் வாரால் பின்னிய நீண்ட சுருக்குக்கயிறு இருக்கும். ஓடும் மாட்டின்மீது அதனை வீசியதும், மறுமுனையைச் சேணத்தின் முன்கொம்பில் சுற்றிச் சிறிது சிறிதாக நெகிழவிட வேண்டும். வெடுக்கென இழுத்தால் தோற்கயிறு அறுந்துவிடும். ஆகவே, குதிரையைச் செலுத்த எஞ்சியிருப்பது இடக்கை ஒன்றே. விரலசைவை உணர்ந்து நிற்கவும் திரும்பவும் அறிந்த குதிரை இல்லையேல் இப்பணி நடைபெறாது.

முதல் நிலை: மூக்குவளையம்

பயிற்சியின் தொடக்கத்தில் குதிரையின் வாயில் இரும்பு வைக்கப்படுவதில்லை. பச்சைத்தோலால் பின்னிய 'போசால்' என்னும் வளையம் மூக்கின்மேல் அணிவிக்கப்படுகிறது. தாடைக்குக் கீழே அதன் முடிச்சில், ஏறத்தாழ 22 அடி நீளமுள்ள குதிரைமயிர்க் கயிறு கட்டப்படுகிறது. அதுவே கைவாராகவும் பிடிகயிறாகவும் அமைகிறது. சொரசொரப்பான அக்கயிறு கழுத்தில் படும்போது, எத்திசையில் திரும்ப வேண்டும் என்பதைக் குதிரை படிப்படியாக உணர்கிறது.

இரும்பைத் தள்ளிவைப்பதற்குத் தக்க காரணம் உண்டு. குதிரைக்கு ஏறத்தாழ இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரை பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. ஈறு புண்பட்டிருக்கும் அப்பருவத்தில் கடிவாளம் பூட்டினால், குதிரை அடையாளத்தைக் கற்பதற்கு மாறாக வலியைக் கற்கும். வலியைக் கற்ற வாய் நாளடைவில் மரத்துப்போகும்.

போசாலைத் தொடர்ந்து இழுத்தலும் கூடாது. சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரையோடு இழுவைப்போட்டியில் மனிதன் வெல்ல இயலாது. மெல்ல இழுத்து, குதிரை இணங்கிய நொடியிலேயே கயிற்றைத் தளர்த்த வேண்டும். அத்தளர்வே அதற்குரிய பரிசு. இழுப்பவனது வலிமையைவிட, விடுபவனது காலமறிதலே இங்குச் சிறப்புடையது.

இரண்டாம் நிலை: இரட்டை வார்

போசாலில் தேர்ந்த குதிரைக்கு மெல்லிய மூக்குவளையமும் அதன்மேல் கடிவாளமும் சேர்த்து அணிவிக்கப்படுகின்றன. தொடக்கத்தில் கடிவாளத்தைக் குதிரை வாயில் ஏந்தி மட்டுமே நடக்கும்; கட்டளைகள் பழகிய வளையத்தின் வழியாகவே வரும். சிறிது சிறிதாக இரு வார்களும் ஒருங்கே பேசத் தொடங்கும். இவ்வாறு, அறிந்ததன் துணைகொண்டு அறியாதது கற்பிக்கப்படுகிறது.

மூன்றாம் நிலை: கடிவாளக் குதிரை

இறுதியில் மூக்குவளையத்தின் வார் நீங்கிக் கடிவாளம் மட்டுமே செயற்படுகிறது. இதன் வாய்ப்பகுதியில் கரண்டி போன்ற தகடு நிமிர்ந்திருக்கும். நாவால் உருட்டத்தக்க சிறு செம்புருளையும் உண்டு. செம்பின் சுவை உமிழ்நீரைச் சுரக்கச் செய்கிறது. குதிரை அமைதியாக இருக்கும்போது அவ்வுருளை சிள்வண்டுபோல் ஒலிக்கும்.

முரட்டுக் கையில் இக்கடிவாளம் கொடிய கருவியாகும். ஒரே இழுப்பில் வாயைப் புண்ணாக்கிவிடும். பயின்ற கையிலோ அது இழுக்கப்படுவதே அரிது. வாரின் நுனியில் உள்ள சங்கிலி சற்றே அசைந்ததும், தகட்டின் சிறு நகர்வை உணர்ந்து குதிரை செயற்படும். கருவியின் கொடுமையும் மென்மையும் கருவியில் இல்லை. ஏந்தும் கையிலேயே உள்ளன.

தெரிந்து தெளிவோம்

ஆங்கிலத்தில் மாடு மேய்ப்பவரைக் குறிக்கும் 'பக்கரூ' என்னும் சொல் 'வக்கேரோ' என்பதன் திரிபு. மூக்குக்கயிற்றுப் பூட்டைக் குறிக்கும் 'ஹேக்கமோர்' என்பது 'ஹாக்கிமா' என்னும் ஸ்பானியச் சொல்லிலிருந்து பிறந்தது.

தேய்வும் தொடர்ச்சியும்

1850இல் கலிபோர்னியா அமெரிக்க ஒன்றியத்தின் மாநிலமாயிற்று. 1862 முதல் 1864 வரை நீடித்த வறட்சியில் மந்தைகள் பெருமளவில் மடிந்தன; பண்ணைகள் உடைந்தன. எனினும் நெவாடா, ஓரிகன் முதலிய மாநிலங்களின் மேய்ச்சல் நிலங்களில் இம்மரபு இன்றளவும் உயிர்வாழ்கிறது.

இன்று காலமே அதன் பெரும் பகை. சில திங்களில் பழக்கிய குதிரையைச் சந்தை விரும்புகிறது. மூன்று வயதுக் குதிரைகளுக்கான போட்டிகளில் பெரும்பரிசுகள் காத்திருக்கின்றன. முழுமையான கடிவாளக் குதிரை உருவாகவோ ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் தேவைப்படலாம். விரைவாகப் பெறும் பணிவு அச்சத்தால் விளைவது. பொறுத்திருந்து பெறும் பணிவு நம்பிக்கையால் விளைவது. கற்பிப்போர் அனைவருக்கும் இவ்வேறுபாடு பொருந்தும். கற்கும் உயிரின் பருவமறிந்து காத்திருப்பதும் கற்பித்தலின் ஒரு பகுதியே என்பதை வக்கேரோக்களின் குதிரைகள் நமக்கு உணர்த்துகின்றன.