பித்தளைத் தோட்டாவும் குதிரை லாயமும்

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலிருந்த படையினரை விசித்திரமான தொல்லையொன்று வாட்டியது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த துப்பாக்கித் தோட்டாக்கள், மழை ஓய்ந்து எடுத்துப் பார்க்கையில், யாரும் தொடாமலே வெடிப்புக் கண்டிருந்தன. ‘பருவ வெடிப்பு’ என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று.

காரணத்தை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் விளக்கினர். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா ஆவி, ஈரக்காற்றோடு கூடிப் பித்தளையைத் தாக்கியிருக்கிறது! ஆயினும் ஆவி மட்டுமே குற்றவாளியன்று. தோட்டாக் கூடு, நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த தகட்டைக் காய்ச்சாமலே அழுத்தி இழுத்துச் செய்வது. அப்போது ஏற்படும் இறுக்கம் உலோகத்தினுள்ளேயே தங்கிவிடுகிறது. ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலைகளில் தகடு அழுத்தும் வேலை பார்க்கும் நம் அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கூட்டை மிதமாகச் சூடேற்றி இறுக்கத்தைத் தணிப்பதும், உலர்ந்த இடத்தில் வைப்பதுமே பரிகாரமாயின.

சுட்ட கூட்டில் மீண்டும் மருந்திட்டுப் பயன்படுத்தும் விளையாட்டு வீரர்கள் பல நாடுகளில் உளர். அவர்களும் இப்பாடத்தை மறப்பதில்லை. சுடுந்தோறும் கூடு விரிகிறது. அச்சிலிட்டுச் சுருக்குந்தோறும் அதன் கழுத்து விறைக்கிறது. ஆகவே கழுத்தை மட்டும் காய்ச்சி இளக்குவர். அடிப்பாகத்தில் சூடு ஏறவிடார். அடி இளகினால் வெடியின் அழுத்தத்தைத் தாங்காது; சுடுபவர் கண்ணுக்கே ஆபத்து. அடிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால், உட்சுவர் மெலிந்திருக்கலாம். முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். அத்தகைய கூட்டைக் கழித்துவிடுவர்.

அழுக்கு நீக்க, நம் இல்லத்தரசியர் குத்துவிளக்குக்குப் புளி தேய்ப்பது போல, மெல்லிய புளிப்பு நீர் போதும். நெடுநேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து செந்நிறம் தட்டும். அம்மோனியா கலந்த மெருகு நீரோ கூடவே கூடாது. லாயத்தின் கதைதான் மீண்டும் நடக்கும்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா செய்தல் குற்றம். பழம்பித்தளையோடு தோட்டா ஏதேனும் அகப்பட்டால் அடுப்பிலோ உலையிலோ இடாதீர்கள். குழந்தைகள் கையில் கொடாதீர்கள். அடியில் ஊசி பட்ட தழும்பு இருப்பதனால் மட்டும் மருந்து எரிந்துவிட்டதென்று கொள்ளலாகாது; அடிபட்டும் வெடியாத தோட்டாக்கள் உண்டு. குண்டு முனையில் இருந்தால், தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லியனுப்புங்கள்.