வெட்கம் மறைக்கும் நோய், குருதி சொல்லும் செய்தி

நாணம் நமக்கு அணிகலன். ஆனால் அது ஒரு நோயை மூடி மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

ஆண்களின் விதையில் ஏற்படும் புற்றுநோயைப் பற்றிப் பெண்கள் ஏன் அறிய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இந்நோய் 15 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்டவர்களையே அதிகம் பீடிக்கிறது. உங்கள் மகனும் தம்பியும் கணவரும் இந்த வயதினராக இருக்கலாம். வெளியில் சொல்லக் கூசும் ஒரு விடயத்தை ஓர் இளைஞன் உம்மாவிடமோ மனைவியிடமோதான் முதலில் வாய்திறந்து சொல்லக்கூடும். அப்போது நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்பது முக்கியமானது.

பெரும்பாலும் வலியில்லாத ஒரு கட்டியாக அல்லது வீக்கமாகவே இந்நோய் ஆரம்பிக்கிறது. வலி இல்லாததால் பலர் மாதக்கணக்கில் கவனியாது விடுகின்றனர். அமெரிக்க சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்குக்கு 1996 ஒக்டோபரில் இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது அவருக்கு வயது 25. அதற்குள் அது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அந்நிலையிலும் அவர் சிகிச்சையால் குணமடைந்தார்.

வைத்தியர் கையால் பரிசோதித்து, ஸ்கேன் செய்து பார்ப்பதோடு குருதியையும் பரிசோதிப்பார். அதில் மூன்று பொருட்களின் அளவு பார்க்கப்படும்.

முதலாவது எச்.சீ.ஜீ. இது உங்களுக்குப் புதியதல்ல. கர்ப்பம் தரித்திருக்கிறதா என அறியச் சிறுநீரில் தேடப்படும் அதே ஹோர்மோன்தான் இது. சில விதைப் புற்றுநோய்களும் இதைச் சுரக்கின்றன.

இரண்டாவது ஏ.எப்.பீ. என்ற புரதம். கருவிலுள்ள சிசுவின் ஈரல் இதை நிறைய உண்டாக்கும். வளர்ந்தவர்களிடம் மிகச் சொற்பமாகவே காணப்படும். ஈரல் நோயாலும் இது கூடலாம் என்பதால் வைத்தியர் மற்றவற்றையும் சேர்த்தே பார்ப்பார்.

மூன்றாவது எல்.டீ.எச். இது வேறு பல காரணங்களாலும் கூடும். எனினும் நோயின் பரவலைக் கணிக்க உதவும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். குருதி அறிக்கை சரியாக இருப்பதால் மட்டும் நோயில்லை என்று முடிவுகட்ட முடியாது. சிலருக்கு நோய் இருந்தும் இவை கூடுவதில்லை. கட்டி இருந்தால் அதற்கான காரணத்தைக் கண்டறிந்தே ஆக வேண்டும்.

நோயுற்ற விதையைச் சத்திரசிகிச்சை மூலம் அகற்றுவார்கள். அதற்கு முன்னரே குருதி எடுக்கப்பட வேண்டும். பின்னர் வரும் அறிக்கைகளை அதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே இது. நோய் முற்றாக நீங்கியிருந்தால் எச்.சீ.ஜீ. ஒன்று அல்லது ஒன்றரை நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஏ.எப்.பீ. பாதியாக 5 முதல் 7 நாட்கள் எடுக்கும். அதாவது இன்று 100 ஆக இருக்கும் ஏ.எப்.பீ. ஒரு வாரத்தில் 50, இரு வாரங்களில் 25 என்றவாறு இறங்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ மீண்டும் ஏறினாலோ எங்கோ நோய் எஞ்சியிருக்கலாம்.

நோய் திரும்பும்போது, உடலில் எந்த அறிகுறியும் தோன்றுவதற்கு முன்பே சிலரது குருதியில் அது தெரிந்துவிடும். ஆகவே "சுகமாகிவிட்டதே" என்று கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். அந்தத் திகதியை வீட்டுக் கலண்டரில் குறித்து வைத்து நினைவூட்டுவது உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

1974இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் வைத்தியர் லோரன்ஸ் ஐன்ஹோர்ன், சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை வேறு இரு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தார். அதன் பின், உடலெங்கும் பரவிய நோயும் குணமாகத் தொடங்கியது. இன்று முறையாகச் சிகிச்சை பெறுபவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் அதிகமானோர் குணமடைகின்றனர். மற்ற விதை ஆரோக்கியமாக இருந்தால் தந்தையாகவும் பெரும்பாலும் தடையில்லை. மருந்துச் சிகிச்சை குழந்தைப் பேற்றைப் பாதிக்கலாம் என்பதால் அதுபற்றி வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

தாய்மாருக்கு இன்னொரு விடயம். ஆண் குழந்தையின் விதை ஆறு மாதமாகியும் கீழிறங்கவில்லையாயின் வைத்தியரிடம் காட்டுங்கள். அத்தகையவர்களுக்குப் பிற்காலத்தில் இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

மார்க்க விளக்கம் கேட்டறிய வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அன்ஸாரிப் பெண்களைப் பாராட்டினார்கள். அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும். மகன் தயங்கித் தயங்கிச் சொல்ல வந்தால், "வாயை மூடு" என்று அதட்டாதீர்கள். "வாப்பாவோடு நாளைக்கே டொக்டரிடம் போ மகன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை, அல்லாஹ்வின் அருளால், ஓர் உயிரைக் காக்கலாம்.