அங்கீகாரம் கல்லூரிக்கா, படிப்புக்கா?
கம்ப்யூட்டர் பட்டப்படிப்பில் சேரும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்துவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை பல இந்தியக் குடும்பங்களில் ஒரே பேச்சுதான்: பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? கம்ப்யூட்டர் படித்தால் வேலை நிச்சயம் என்ற நம்பிக்கை நம் மக்களிடையே வேரூன்றிவிட்டது. அப்பா தம் இ.பி.எப். சேமிப்பை மீட்க மனுப் பாரம் நிரப்புகிறார். மீதிச் செலவுக்குப் பி.டி.பி.டி.என். கடன். கல்லூரிக்குப் போனதும் அவர் கேட்கும் கேள்வி, "இந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா?" என்பது. "இருக்கிறது" என்ற பதில் வந்ததும் பணம் கட்டப்படுகிறது.

அந்தக் கேள்வியே சரியான கேள்வி இல்லை. தனியார் உயர்கல்விக் கூடம் ஒன்று இயங்குவதற்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் வழங்கும் பதிவு வேறு. அங்கே நடத்தப்படும் ஒவ்வொரு படிப்புக்கும் எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம் வழங்கும் அங்கீகாரம் வேறு. ஒரே கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமா முழு அங்கீகாரம் பெற்றிருக்கும். கம்ப்யூட்டர் பட்டம் தற்காலிக அங்கீகாரத்தில் மட்டும் இருக்கும். கல்லூரிக்கு இரண்டு ஊர்களில் வளாகம் இருந்தால், பிள்ளை படிக்கப் போகும் வளாகத்துக்கு அங்கீகாரம் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

தற்காலிகமா, முழுமையா?

முன்பு தனியார் கல்லூரிப் படிப்புகளின் தரத்தை 'லான்' எனப்படும் தேசிய அங்கீகார வாரியம் கவனித்து வந்தது. 2007-ஆம் ஆண்டு புதிய சட்டம் வந்து, அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி எம்.கியூ.ஏ. அந்தப் பொறுப்பை ஏற்றது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களும் தனியார் கல்விக் கூடங்களும் அதே தரக் கட்டமைப்புக்குள் வந்தன.

அங்கீகாரம் இரண்டு படிகளாக வழங்கப்படுகிறது. புதிய படிப்புக்கு முதலில் தற்காலிக அங்கீகாரம் கிடைக்கும். முதல் குழு மாணவர்கள் இறுதியாண்டை எட்டும்போது மதிப்பீட்டுக் குழுவினர் விரிவுரையாளர் தகுதி, ஆய்வுக்கூட வசதி, தேர்வுத்தாள், மாணவர் செய்த திட்டப்பணி ஆகியவற்றை ஆராய்வார்கள். அதில் தேறினால்தான் முழு அங்கீகாரம். எம்.கியூ.ஏ. குறிப்பு எண்ணில் 'பி.ஏ.' என்று இருந்தால் தற்காலிகம், 'எஃப்.ஏ.' என்றால் முழுமை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தற்காலிக அங்கீகாரம் பெற்ற படிப்புக்கும் பி.டி.பி.டி.என். கடன் கிடைக்கக்கூடும். "அரசாங்கமே கடன் கொடுத்துவிட்டது, பட்டம் செல்லாமலா போய்விடும்?" என்று நினைப்பது தவறு. அந்தப் படிப்பு முழு அங்கீகாரம் பெறத் தவறினால் அரசாங்க வேலைக்கும் மேற்படிப்புக்கும் சிக்கல் வரும். கடனோ அப்படியே நிற்கும். தற்காலிக நிலையில் உள்ள படிப்பில் சேரவே கூடாது என்பதில்லை. தெரிந்து சேர வேண்டும். முழு அங்கீகாரத்துக்கு எப்போது விண்ணப்பிக்கப்படும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரே கம்ப்யூட்டர், பல படிப்புகள்

படிப்பின் பெயரையும் கவனியுங்கள். கணினி அறிவியல், கணக்கீட்டின் அடிப்படையையும் கணிதத்தையும் ஆழமாகப் போதிக்கிறது. மென்பொருள் பொறியியல், பெரிய மென்பொருளைக் குழுவாகத் திட்டமிட்டு உருவாக்கிப் பராமரிப்பதைக் கற்றுத் தருகிறது. தகவல் தொழில்நுட்பம் நிறுவனங்களின் வலைப்பின்னல், கருவிகள் ஆகியவற்றை இயக்கும் பணிக்குத் தயார் செய்கிறது. தகவல் முறைமை, வணிகத்தையும் கணினியையும் இணைப்பது. முதல் இரண்டுக்கும் எஸ்.பி.எம். கூடுதல் கணிதம் கேட்பது வழக்கம்.

கணினிப் பொறியியல் படித்துப் பொறியியலாளராகப் பதிவு பெற விரும்பும் மாணவர், பொறியியல் அங்கீகார மன்றமான இ.ஏ.சி.யின் அங்கீகாரத்தையும் பார்க்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு மலேசியா வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பு நாடானது. அதன் பின் இ.ஏ.சி. அங்கீகரிக்கும் பொறியியல் பட்டங்களுக்கு மற்ற உறுப்பு நாடுகளிலும் மதிப்பு உண்டு.

முடித்தால் என்ன செய்யத் தெரியும்?

நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் 40 மணி நேரம் கற்பதைக் குறிக்கும். இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், அதாவது 4,800 மணி நேரம். விரிவுரை மட்டுமல்ல, பயிற்சியும் சொந்தப் படிப்பும் அதில் அடங்கும். இத்தனை மணி நேரம் செலவிட்ட மாணவருக்கு முடிவில் என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் 'கற்றல் அடைவு'. திருத்தப்பட்ட மலேசியத் தகுதிக் கட்டமைப்பு இதனை ஐந்து தொகுப்புகளாகப் பிரிக்கிறது: அறிவும் புரிதலும், சிந்தனைத் திறன், பணித் திறன், தனிமனித மற்றும் தொழில்முனைவுத் திறன், நன்னெறியும் தொழில்பண்பும்.

ஓர் உதாரணம். "தரவுத்தளம் பற்றி மாணவர் அறிவார்" என்று எழுதினால் அதை அளக்க வழியில்லை. "ஒரு கிளினிக்கின் நோயாளிப் பதிவுகளுக்குத் தரவுத்தளம் வடிவமைத்து, இயக்கிக் காட்டி, அந்தத் தகவல் வெளியே கசியாமல் காப்பது எப்படி என்று விளக்குவார்" என்று எழுதினால் அளக்கலாம். அறிவு, கைத்திறன், பேச்சுத்திறன், பொறுப்பு எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளி எதிர்பார்ப்பதும் இவற்றைத்தான்.

ஆகவே, கல்லூரிக்குப் போகும் முன் எம்.கியூ.ஏ.யின் இணையப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். படிப்பின் முழுப் பெயர், கல்விக் கூடம், அங்கீகார விவரம் ஆகியவை விளம்பரத் தாளில் உள்ளதோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். பிறகு கல்லூரியில் கற்றல் அடைவுப் பட்டியலையும், தொழிற்பயிற்சி எத்தனை வாரம் என்பதையும், இறுதியாண்டு மாணவரின் திட்டப்பணி ஒன்றையும் காட்டச் சொல்லுங்கள். தயக்கமின்றிக் காட்டும் இடத்தில் நம்பிக்கையோடு பேச்சைத் தொடரலாம். மழுப்பினால், அப்பாவின் பல வருட உழைப்பை அங்கே கட்டிவிடாமல் வீடு திரும்புவதே மேல்.