நீலகிரி களைச்செடியில் 100 யானைகள்! நியூயார்க் தெருவில் நிறுத்தி விற்பனை

ஊட்டி:
கூடலூர் பக்கத்து ஆதிவாசி மக்கள் கையால் செய்த 100 யானைகள் அமெரிக்காவையே ஒரு சுற்று சுற்றி வந்திருக்கின்றன. சும்மா வேடிக்கை காட்ட இல்லை. ஒவ்வொன்றையும் விற்று, மனிதனும் விலங்கும் சண்டையில்லாமல் வாழ்வதற்கான வேலைகளுக்கு நிதி திரட்டத்தான் இந்த ஏற்பாடு.

எல்லாமே நிஜ யானை அளவு. செய்த பொருள் என்ன தெரியுமா? வேலி ஓரம் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடி!

வெள்ளைக்காரன் விட்டுப்போன செடி

அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து வைத்த செடி இது. இன்று முதுமலை காட்டில் பெரும்பகுதியை வளைத்துப்போட்டு விட்டது. இது புதராக மண்டினால் அடியில் புல் முளைக்காது. இலையை மானும் தின்னாது, யானையும் தின்னாது. தீனி கிடைக்காத யானை எங்கே வரும்? நம்ம வாழைத்தோட்டத்துக்குத்தான்.

அந்தச் செடியை வெட்டி, தண்டை வேகவைத்து, தோலை உரித்தால் பிரம்பு மாதிரி வளையும். யானை உருவத்தில் இரும்புக் கம்பிச் சட்டம் கட்டி, அதன் மேல் இந்தக் குச்சிகளை வளைத்துப் பின்னுகிறார்கள். பெட்டகுரும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் என்று சுமார் 200 பேர் இந்த வேலையில் இறங்கினார்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யம். எல்லாமே இங்கே தோட்டத்துக்குள்ளும் ரோட்டிலும் சுற்றுகிற யானைகளைப் பார்த்துச் செய்தவை. 'ஷோலா டிரஸ்ட்' அமைப்பினர் அடையாளம் தெரிந்து வைத்திருக்கும் யானைகள் அவை.

2021-ல் இந்த யானைக்கூட்டம் லண்டன் பூங்காக்களில் நின்றது. 2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் தொடங்கி நியூயார்க், மியாமி, ஹூஸ்டன் என்று போய், 2025-ல் பெவர்லி ஹில்ஸ் வரை போய்ச்சேர்ந்தது. நியூயார்க்கில் குட்டி யானை 8 ஆயிரம் டாலர், பெரிய கொம்பன் 22 ஆயிரம் டாலர். நம்ம பணத்தில் கொம்பன் ஒன்று 18 லட்சம் ரூபாய்க்கு மேல்!

யானை மேல் வந்த வெள்ளைக்காரர்

இதன் பின்னணியில் இருப்பது 'எலிபென்ட் பேமிலி' என்ற இங்கிலாந்து அமைப்பு. 2002-ல் இதை ஆரம்பித்தவர்களில் ஒருவர் மார்க் ஷான்ட். இப்போதைய இங்கிலாந்து ராணி கமிலாவின் தம்பி. 1988-ல் ஒரிசாவில் தாரா என்ற பெண் யானையை விலைக்கு வாங்கி, அதன் மேலேயே ஏறி பீகார் சோன்பூர் சந்தை வரை சுமார் ஆயிரம் கிலோமீட்டர் போனவர். 2014-ல் இறந்துவிட்டார்.

2010-ல் லண்டன் தெருக்களில் 250-க்கும் மேற்பட்ட வண்ண யானை பொம்மைகளை வைத்து ஏலம் விட்டதும் இந்த அமைப்புதான். வசூல் சுமார் 40 லட்சம் பவுண்டு. அன்றைய மதிப்பில் 25 கோடி ரூபாய்க்கு மேல்.

2015-ல் செய்தது நம்ம ஆட்டோக்காரர்களுக்குப் பிடிக்கும். மத்திய பிரதேசத்தில் சுமார் 500 கிலோமீட்டர் ஆட்டோ பந்தயம்! ஓட்டியவர்கள் வெளிநாட்டுப் பணக்காரர்கள். "நான் இவ்வளவு தூரம் ஆட்டோ ஓட்டப்போறேன், யானைக்காக நீ எவ்வளவு தருவே?" என்று நண்பர்களிடமும் கம்பெனிகளிடமும் கேட்டு வாங்குவதுதான் இந்த மாதிரி சாகசப் பயணங்களின் சூட்சுமம். தினமும் 100 கிலோமீட்டர் ஓட்டும் நம்ம ஆள் கேட்டால் யார் தருவார்கள் என்பது வேறு கதை.

பணம் என்ன ஆகும்?

கூடலூர், பந்தலூரில் இரவில் வெளியே போகவே பயப்படும் ஜனங்கள், "யானைக்கு எதுக்குய்யா காசு?" என்று கேட்பது நியாயம்தான். வீட்டை இழந்தவனுக்கும், ஆளைப் பறிகொடுத்த குடும்பத்துக்கும் நியூயார்க் பொம்மை ஆறுதல் ஆகாது.

ஆனால் சரியாகச் செலவழித்தால் உயிர் தப்பும். வால்பாறை இதற்கு உதாரணம். அது வேறு அமைப்பு, வேறு பணம். யானை நிற்கும் இடத்தை செல்போனில் எஸ்.எம்.எஸ். அனுப்பியும், சிவப்பு விளக்கு எரியவிட்டும் எஸ்டேட் தொழிலாளர்களை முன்கூட்டியே உஷார்படுத்துகிறார்கள். அதன் பிறகு அங்கே சாவு குறைந்தது.

தமிழக வனத்துறையின் 2024 கணக்குப்படி மாநிலத்தில் யானைகள் 3,063. காட்டில் தீனி இருந்தால்தான் இவை ஊருக்குள் வருவது குறையும். அதற்கு உண்ணிச்செடி போக வேண்டும். மேலாக வெட்டினால் மறுபடி துளிர்த்துவிடும், வேரோடு பிடுங்க வேண்டும். யானை செய்கிறவர்களுக்கு இன்னும் பல வருஷத்துக்கு சரக்குப் பஞ்சம் இல்லை.