நான் வாங்கின லைக்கா, லைக்காவே இல்ல! | எபிசோட் எழுத்து வடிவம்

போன எபிசோட்ல பழைய ஃபிலிம் கேமரா பத்திப் பேசினதுக்கு அப்புறம், "ரேஞ்ச்ஃபைண்டர்னா என்ன, வாங்கலாமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சொல்றேன். முதல்ல நான் ஏமாந்த கதை.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட பழைய லைக்கா ஒண்ணு வாங்கினேன். தங்க நிறம், மேல அழகா 'லைக்கா'ன்னு பொறிச்சிருந்தது. பாதி மாசச் சம்பளம் காலி. ஷட்டர் சரியில்லைன்னு ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். லென்ஸைக் கழட்டி உள்ளே ஒரு பார்வைதான் பார்த்தார். "தம்பி, இது லைக்கா இல்ல"ன்னுட்டார்.

எப்படிக் கண்டுபிடிச்சார்? அதுக்கு இந்தக் கேமரா வேலை செய்யற விதம் புரியணும்.

ரெண்டு ஜன்னல்

மூக்குக்கு நேரா ஒரு விரலை நீட்டி, ஒரு கண்ணை மாத்தி ஒரு கண்ணை மூடிப் பாருங்க. விரல் இடம் மாறும். விரல் கிட்ட வர வர அதிகமா மாறும். ரேஞ்ச்ஃபைண்டரும் இதே கணக்குதான். முன்னாடி ரெண்டு சின்ன ஜன்னல். அதுல தெரியற ரெண்டு காட்சியும் கண்ணாடிகள் வழியா ஒண்ணு மேல ஒண்ணா உங்க கண்ணுக்கு வரும். லென்ஸைத் திருப்பினா ஒரு காட்சி நகரும். ரெண்டும் சரியா ஒட்டினா ஃபோகஸ் ரெடி.

1932-ல வந்த லைக்கா II மாடல்ல இந்த அமைப்பு லென்ஸோடவே இணைஞ்சிருந்தது. அதே வருஷம் ஜெய்ஸ் ஐகான் கம்பெனியோட கான்டாக்ஸும் வந்தது.

அந்த அண்ணன் பார்த்தது என்ன?

லென்ஸைத் திருப்பும்போது அதோட பின்பக்கம் கேமராவுக்குள்ள ஒரு குட்டிக் கையைத் தள்ளும். அசல் லைக்காவுல அந்தக் கையோட நுனியில உருளுற சின்னச் சக்கரம் இருக்கும். சோவியத் நகல்கள்ல சக்கரத்துக்குப் பதிலா ஆப்பு மாதிரி ஒரு உலோகத் துண்டு. என்னோடதுல ஆப்பு. யாரோ 'ஃபெட்'ங்கற பேரைத் தேய்ச்சு அழிச்சுட்டு 'லைக்கா'ன்னு பொறிச்சிருக்காங்க.

வீட்டுக்கு வந்து கடுப்போட ஃபெட் பத்தித் தேடினேன். உக்ரைன்ல கார்கிவ் நகரத்துல, வீடில்லாத பிள்ளைகளுக்காக ஒரு கம்யூன் இருந்தது. நடத்தினவர் கல்வியாளர் அன்டன் மகரென்கோ. அங்க அந்தப் பிள்ளைகள் லைக்கா II-ஐப் பார்த்துச் செஞ்ச கேமராதான் ஃபெட். 1934-ல உற்பத்தி ஆரம்பிச்சது. இப்படி ஒரு பேரை அழிச்சுட்டுப் பொய்ப் பேர் வெச்சதை நினைச்சா, பணம் போனதை விட அதுதான் எனக்கு வலிச்சது.

வாங்கறதுக்கு முன்னாடி

ஒண்ணு, துணி ஷட்டர்னா லென்ஸைக் கழட்டி, வெளிச்சத்துல துணியைப் பாருங்க. இந்தக் கேமராவுல எஸ்.எல்.ஆர் மாதிரி நடுவுல கண்ணாடி கிடையாது. லென்ஸைத் திறந்து வெயிலைப் பார்க்க வெச்சா, பூதக்கண்ணாடி மாதிரி துணியில ஓட்டையே போட்டுடும்.

ரெண்டு, தூரத்துல ஒரு செல்போன் டவரைப் பாருங்க. லென்ஸ் கடைசி வரைக்கும் திரும்பினப்போ ரெண்டு காட்சியும் ஒட்டணும்.

மூணு, டார்ச் அடிச்சு லென்ஸுக்குள்ள பூஞ்சை இருக்கான்னு பாருங்க. சென்னை ஈரப்பதத்துல இதுதான் பெரிய எதிரி. வாங்கினதும் காத்து போகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

நாலு, பேட்டரி. யாஷிகா எலக்ட்ரோ 35 பேட்டரி இல்லாம 1/500 நொடி வேகத்துல மட்டும்தான் ஓடும். கேனன் கேனோநெட் பேட்டரி இல்லாமலும் மேனுவலா ஓடும். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு என் ஓட்டு கேனோநெட்டுக்குத்தான்.

அந்தக் கேமரா என்னாச்சு?

"யார் தலையிலயாவது கட்டிடு, யாருக்குத் தெரியப் போகுது"ன்னான் ஃப்ரெண்ட். உண்மையச் சொல்லணும்னா, விளம்பரம் டைப் பண்ணவும் ஆரம்பிச்சேன். 'லைக்கா'ன்னு அடிக்கும்போது கை நின்னுடுச்சு. என்னை மாதிரியே ஒருத்தன் பாதி மாசச் சம்பளத்தோட வருவானே!

விக்கல. அண்ணன் ஷட்டரைச் சரி பண்ணிக் கொடுத்தார். இப்பவும் அதுலதான் படம் எடுக்கறேன். டப்பா மேல மார்க்கர்ல 'ஃபெட்'னு எழுதி ஒட்டியிருக்கேன்.

உங்க வீட்டு பரண்ல ஏதாவது பழைய கேமரா கிடக்கா? லென்ஸைக் கழட்ட முடிஞ்சா, உள்ளே சக்கரமா ஆப்பான்னு பார்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.