விண்வெளிக் கதையும் உருள்வண்டியும் கற்பிக்கும் ஆங்கிலம்

இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எட்டாக்கனி என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. பிள்ளை அறிய ஆசைப்படும் விடயத்தை எளிய ஆங்கிலத்தில் வாசிக்கக் கொடுத்தால், மொழியும் கூடவே வரும் என்பதே நாம் பெற்றோருக்குச் சொல்வது.

1969 யூலை 20 இல் அப்பலோ 11 பயணத்தில் இருவர் சந்திரனில் இறங்கினர். 1884 இல் நியூயோர்க்கின் கோனி ஐலண்ட் களியாட்டத் திடலில், இன்றைய ரோலர் கோஸ்ரரின் முன்னோடியான வண்டி, மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர் வேகத்தில் மக்களை ஏற்றி ஓடியது. கதைகள் வேறு, சொற்களோ பெரும்பாலும் ஒன்றே. 'ஸ்பீட்' என்றால் வேகம், 'ஃபோல்' என்றால் விழுதல், 'கிராவிற்றி' என்றால் ஈர்ப்பு. ரொக்கெற் புவியீர்ப்பை எதிர்த்து எழுகின்றது. வண்டி அதே ஈர்ப்பினால் சரிவில் ஓடுகின்றது. முதற் கதையில் கற்ற சொல்லை மறு கதையில் காணும்போது அது மனதில் பதிந்துவிடும்.

ஆங்கிலம் அறியாத பெற்றோரும் உதவலாம். பிள்ளை நாளுக்கொரு பந்தி வாசித்து, ஐந்து புதுச் சொற்களைக் கொப்பியில் எழுதட்டும். மாலையில் அதைத் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். தடுமாறும் இடமே விளங்காத இடம். அதை மறுநாளும் வாசிக்கட்டும்.

காணி, வீடு, விதைநெல் யாவற்றையும் விட்டுவர நேர்ந்தது. பிள்ளை கற்ற சொல் போகுமிடமெல்லாம் கூடவே வரும்.